தீர்த்தமும் தண்ணீர்தான்

மனநோய் வார்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களே, உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வார்டில் மிகவும் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல் "சாப்பிடு" என்பது. வீட்டில் அது அன்பான சொல். ஆனால் சோற்றில் யாரோ எதையோ கலந்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு கிடக்கிற ஒருத்திக்கு அது மிரட்டல் மாதிரிக் கேட்கும். நாம் எவ்வளவு குழைந்து சொல்கிறோமோ அவ்வளவு சந்தேகம் கூடும். "இந்த மாஷி எதுக்கு இவ்வளவு கெஞ்சுறா? உள்ளே என்னமோ இருக்கு" என்று தோன்றும்.

நான் எட்டாவது வரை படித்தவள். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, அவரோடு கல்கத்தாவுக்கு வந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், தெற்குக் கல்கத்தாவில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். போன வருஷம்தான் ஓய்வு கொடுத்தார்கள். இந்த ஊரில் ஆயாவை ஆயா என்று கூப்பிட மாட்டார்கள். மாஷி என்பார்கள். அம்மாவோடு பிறந்தவள் என்று அர்த்தம். அப்படிக் கூப்பிட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது, உறவாகிவிடுகிறோம்.

என் எழுத்தில் சாமி அடிக்கடி வரும். வராமல் எழுத எனக்குத் தெரியாது. மருந்தைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் எங்கள் டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னது. தப்பிருந்தால் என் புத்தியின் தப்பு. படுக்கை மாற்றுவது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் கை பழகப் பழகத் தானாக வந்துவிடும். அதையெல்லாம் எழுதப் போவதில்லை. மாலினியைப் பற்றி எழுதப் போகிறேன்.

மாலினி கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நியூ டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். அப்பா இல்லை. அம்மா சரோஜா, காளிகாட் பக்கம் ஒரு பழைய வாடகை வீட்டில் இருந்தார். அம்மாவும் பெண்ணும் மட்டும்தான். முதலில் ஆபீஸில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். அப்புறம் பக்கத்து வீட்டில் பேசுகிறார்கள் என்றாள். கடைசியில் சந்தேகம் சமையலறைக்குள் வந்துவிட்டது. அம்மா குழம்பில் விஷம் வைக்கிறாள் என்று நம்பத் தொடங்கினாள். மெலிந்து, கண் உள்ளே போய், அம்மாவும் ஒரு சொந்தக்காரரும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சிசோஃப்ரீனியா என்றார் டாக்டர்.

வார்டிலும் அவள் அம்மா கொண்டுவருவதைத் தொடமாட்டாள். கடையில் வாங்கின, ஒட்டுப் பிரிக்காத பிஸ்கட், மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில், தானே உரிக்கிற வாழைப்பழம், அவ்வளவுதான். ஒரு தரம் சரோஜா அம்மா சேமியா பாயசம் கொண்டுவந்தார். "இதோ பாரு, நானே சாப்பிடறேன்" என்று ஒரு கரண்டி வாயில் போட்டுக் காட்டினார்.

மாலினி சிரித்தாள். "நல்லா நடிக்கறம்மா. வீட்டுக்குப் போனதும் மாத்து மருந்து சாப்பிட்டுப்ப. நான் இங்க யாருகிட்ட மாத்து மருந்து கேக்கறது?"

அந்த அம்மா பாயசத்தை மூடிக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"பத்து மாசம் சுமந்தவ விஷம் வெப்பாளா அக்கா?" என்றார்.

"அவ சொல்லல சரோஜாம்மா, நோவு சொல்லுது."

"நோவுக்கு என் மேல என்ன கோவம்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாயசத்தை இரண்டு பேருமாகச் சாப்பிட்டுவிட்டோம், வீணாக்கக் கூடாதே. அதிலிருந்து அவர் உள்ளே வருவதில்லை, விசிட்டிங் நேரம் முழுக்க அந்தப் படியிலேயே உட்கார்ந்திருப்பார்.

மாலினிக்கு மாற்றி மாற்றி மருந்து கொடுத்தும் பிடிபடவில்லை. எங்கள் டாக்டர் வங்காளி, ஐம்பது வயதுக்குள் இருக்கும், வார்டில் எல்லோரும் தீதி என்போம், அக்கா என்று அர்த்தம். அவர் ஒருநாள் சரோஜா அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். சரோஜா அம்மாவுக்கு மார்க்கெட்டில் மீன்காரனோடு சண்டை போடுகிற அளவுக்கு வங்காளம் வரும், டாக்டர் பேசுகிற வங்காளம் வராது. அதனால் நான் கூட இருந்து தமிழில் சொல்ல வேண்டும் என்றார்.

தீதி சொன்னது இது. நம் உடம்புக்குள் கிருமிகளோடு சண்டை போட ஒரு காவல் உண்டு. சிலபேருக்கு, எல்லோருக்கும் இல்லை, அந்தக் காவலே தடம் மாறி மூளைக்குத் தொந்தரவு கொடுக்கிறதோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. அப்படியானால் அந்தக் காவலைக் கொஞ்சம் அடக்கிவைத்தால் இந்த நோய் தணியுமா என்று பல இடங்களில் சோதித்துப் பார்க்கிறார்கள். மாலினியின் இரத்தத்தில் தெரிகிற சில விஷயங்களைப் பார்த்தால் அவளுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. மற்ற மாத்திரைகளையும் நிறுத்தப் போவதில்லை.

"கேக்குமா?" என்றார் சரோஜா அம்மா.

"கேட்கலாம். கேட்காமலும் போகலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் தீதி. "ஆனால் காவலை அடக்கினால் கிருமி உள்ளே வருவது சுலபம். நமக்கு ஒன்றும் செய்யாத ஒரு துளி அழுக்கு அவளுக்குப் பெரிய காய்ச்சலாகிவிடும். உயிருக்கே வந்தாலும் வரும். அதைத் தெரிந்துகொண்டுதான் சரி என்று சொல்ல வேண்டும்."

மாலினியிடமும், அவள் தெளிவாகப் பேசிய ஒரு காலை வேளையில் தீதி இதையே நிதானமாகச் சொல்லிக் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "அம்மா கை படாத மருந்துன்னா சரி" என்றாள். அப்படி ஒரு சம்மதம்!

என்னென்ன கூடாது என்று தீதி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். காய்ச்சி ஆறின தண்ணீர்தான், இல்லாவிட்டால் மூடி உடைக்காத பாட்டில். சோறு சுடச்சுட. நறுக்கின பழம் வேண்டாம். வெளிச் சாப்பாடு வேண்டாம். சளி இருமல் இருக்கிறவர்கள் கிட்டே வரக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார் சரோஜா அம்மா. அத்தனையையும் கடைசிவரை அப்படியே செய்தார், பொய் சொல்லக்கூடாது. கை கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடித்துப்போயிருந்தது.

"ஒரு விஷயத்துல உங்க பொண்ணு நமக்கு வேலையே வெக்கல" என்று தீதி சிரித்தார். "அவ சந்தேகப்பட்டு எதெல்லாம் ஒதுக்குறாளோ, அதெல்லாம் நாமும் ஒதுக்கச் சொல்றதுதான்."

ட்ரிப்பில் அந்த மருந்து ஏறியது. இடைவெளி விட்டு மறுபடியும் ஏற்றினார்கள். நான் தினமும் விளக்கேற்றும்போது இந்தப் பெண்ணின் பேரையும் சேர்த்துக்கொண்டேன். சரோஜா அம்மா காளிகாட்டில் வேண்டிக்கொண்டார். "என் கையால அவ முதல்ல வாங்கறது அம்பாள் தீர்த்தமா இருக்கணும், அப்படிப் பிரார்த்தனை அக்கா" என்று என்னிடம் சொன்னார். நானும் "நடக்கும்" என்றேன். கேட்டுக்கொள்ளுங்கள், நானும்தான் சொன்னேன்.

கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் தலை வாரிவிடும்போது மாலினி, "மாஷி, உங்க பெங்காலி சகிக்கல. முப்பது வருஷமா இங்க இருந்து என்ன பண்ணீங்க?" என்றாள்.

"பெருக்கினேன்" என்றேன்.

சிரித்தாள். முன்னால் சிரித்த சிரிப்பு இல்லை, காற்று வந்து போகிற மாதிரி ஒரு சிரிப்பு. அப்புறம் மெதுவாகக் குரல்கள் தூரத்தில் கேட்கின்றன என்றாள். ஒருநாள் ஜன்னல் பக்கம் நின்று, "அம்மா படியிலயா உக்காந்திருக்கு? முட்டி வலிக்குமே" என்றாள்.

மருந்து செய்ததா, அம்பாள் செய்தாளா என்று என்னைக் கேட்டால் இரண்டும் என்பேன். தீதியைக் கேட்டால், "தெரியல மாஷி, இன்னும் பார்க்கணும்" என்பார். அதே வார்டில் அதே மருந்து ஏற்றின வேறொரு பெண்ணுக்கு ஒரு மாற்றமும் இல்லை. இன்னொருத்திக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்ததால் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் விளக்கு எரிந்திருக்கும். அதனால் இதை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

மாலை விசிட்டிங் நேரத்துக்கு முன்னாலேயே மாலினி பார்வையாளர் அறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். "இன்னைக்கு அம்மா உள்ள வரட்டும் மாஷி. எதாச்சும் குடுத்தா வாங்கிப் பாக்கறேன்" என்றாள். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. படிக்குப் போய் சரோஜா அம்மாவிடம் சொன்னேன். அவர் நேராகக் காளிகாட்டிலிருந்து வந்திருந்தார். நெற்றியில் குங்குமம், கையில் செம்பருத்திப் பூவும் ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடமும். உள்ளே தீர்த்தம்.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது புரியவில்லை. அந்த அம்மா வெளிச் சாப்பாடு ஒரு பருக்கை கொண்டுவந்ததில்லை. காய்ச்சாத தண்ணீர் ஒரு வாய் கொடுத்ததில்லை. ஆனால் பிரசாதம் சாப்பாடு ஆகுமா? தீர்த்தம் தண்ணீர் ஆகுமா? பக்தி உள்ளவர்கள் மனதில் அதற்கு வேறு அலமாரி. தமிழில் அத்தனையையும் சொன்ன எனக்கும் அதே அலமாரிதான். நான் அந்தச் சம்புடத்தைப் பார்த்துக் கைகூப்பினேன்.

சரோஜா அம்மா பெண்ணின் எதிரே உட்கார்ந்தார். சம்புடத்தைத் திறந்தார்.

"என்னம்மா அது?"

"அம்பாள் தீர்த்தம்டி. வேண்டிக்கிட்டேன்."

மாலினி சம்புடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள்.

எத்தனை மாதத்துக்கு அப்புறம் நீண்ட கை அது! சரோஜா அம்மா சம்புடத்தைச் சாய்க்க, தீர்த்தம் அந்த உள்ளங்கையில் விழுந்தது. மாலினி கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"கேயோ நா! ஓட்டா கேயோ நா!"

ரூபா ஓடிவந்தாள். வார்டின் சின்ன நர்ஸ், வங்காளிப் பெண். காய்ச்சல் பார்க்க வந்தவள் வாசலிலிருந்து பார்த்துவிட்டாள். "குடிக்காதே, அதைக் குடிக்காதே" என்று கத்திக்கொண்டே வந்து மாலினியின் மணிக்கட்டைப் பிடித்துக் கையைக் கவிழ்த்துவிட்டாள். தண்ணீர் தரையில் சிந்தியது.

அவள் செய்தது முழுக்கச் சரி. இதில் யாரும் குழம்ப வேண்டாம். ஒரு நொடி தாமதித்திருந்தால் உள்ளே போயிருக்கும். கங்கைத் தண்ணீர், பல கை பட்டது, இலை, பூ எல்லாம் ஊறினது. நமக்கு ஒன்றும் செய்யாது. அவளுக்கு எதை வேண்டுமானாலும் செய்திருக்கும்.

ஆனால் மாலினி என்ன பார்த்தாள்? அம்மா கொடுத்ததைக் குடிக்காதே என்று வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தி அலறினதைப் பார்த்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களா மாஷி" என்றாள். "நான் சொன்னப்ப எனக்குப் பைத்தியம்னீங்க."

சரோஜா அம்மாவுக்கு நடந்தது பாதி புரிந்து பாதி புரியவில்லை. "ஐயோ, இல்லடி! இதோ, நான் குடிச்சுக் காட்டறேன் பாரு!" என்று சம்புடத்தை வாய்க்குத் தூக்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் சரோஜாம்மா. கீழ வெய்யுங்க."

"ஏன் அக்கா? நீங்களுமா?"

அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. ஆனால் பாயசம் சாப்பிட்டுக் காட்டினதுக்கு என்ன பலன் கிடைத்தது? சந்தேகம் பிடித்த மனசு நிரூபணத்தையும் சந்தேகத்தோடு சேர்த்து மென்றுவிடும். குடித்துக் காட்டினால் மாத்து மருந்து. குடிக்காவிட்டால் விஷம். அந்த வழியில் நாம் ஜெயிக்கவே முடியாது.

ரூபா என் காதருகே வந்து, "மாஷி, ஏதாவது சொல்லிச் சமாளி. அதுல பூச்சி விழுந்திருந்துதுன்னு சொல்லு, என் கை தவறிப் பட்டுடுச்சுன்னு சொல்லு. நான் தீதிக்கு போன் பண்றேன். ரொம்ப ஆச்சுன்னா ஊசி போட்டுடலாம்" என்றாள்.

சமாளிப்பு நமக்குக் கைவந்த கலை. வார்டில் நாளெல்லாம் சின்னச் சின்னதாகச் சொல்கிறோம். "நாளைக்கு வீட்டுக்கு", "இது சத்து மருந்து", "உன் அண்ணன் கீழே இருக்கான்". அன்றைக்கும் என் நாக்கு நுனிக்கு ஒன்று வந்துவிட்டது, "அது ஒண்ணுமில்ல தாயி" என்று. வாயைத் திறக்கும்போது மாலினியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வேண்டும், அவள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கதவைத் திறக்க இத்தனை மருந்தும் இத்தனை விளக்கும் ஆகியிருந்தது.

முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு பேசினால் அதட்டல் மாதிரி இருக்கும்.

"ரூபா சொன்னது நிஜம் தாயி" என்றேன். "இத நீ குடிக்கக் கூடாது."

சரோஜா அம்மா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டார். மாலினி என்னை உற்றுப் பார்த்தாள். நான் ஒப்புக்கொள்வேன் என்று அவள் நினைக்கவில்லை.

"அப்ப அதுல இருக்கு."

"இருக்கு. கோயில் தண்ணியில என்ன இருக்குமோ அது இருக்கு. நான் குடிச்சா ஒண்ணும் ஆகாது. உங்கம்மா குடிச்சாலும் ஆகாது. ஊரே குடிக்குது. நீ குடிச்சா ஆகும்."

"எனக்கு மட்டும் ஏன்?"

"உனக்கு ஏத்துற மருந்தால. உன் உடம்புல ஒரு காவக்காரன் இருந்தான், கிருமிய உள்ள விடாம அடிக்கிறவன். அவன் உன் மண்டையிலயும் அடிக்கிறானோன்னு சந்தேகப்பட்டு மருந்து குடுத்து அவனப் படுக்க வெச்சிருக்கு. தீதி உங்கிட்ட சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?"

நெற்றியைச் சுருக்கினாள்.

"படுக்க வெச்சது யாரு?"

"நாங்க. இந்த ஆஸ்பத்திரி."

"அம்மா இல்லையா?"

"உங்கம்மாவுக்கு ஊசிய எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது தாயி. கோவப்படணும்னா எங்க மேல கோவப்படு. இந்த மருந்து ஏறுறவங்களுக்குத் தீர்த்தம் ஆகாது, பிரசாதம் ஆகாதுன்னு நாங்க உங்கம்மாகிட்ட சொல்லல. சொல்லணும்னு யாருக்கும் தோணல."

மாலினி தலையைத் திருப்பி ரூபாவிடம் வங்காளத்தில் கேட்டாள், மாஷி சொல்வது சரியா என்று. ரூபா ஆமாம் என்றாள். சும்மா நிற்காமல், "நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, மாலினி தீதி. பயந்துட்டேன். உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டேன்" என்றும் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதை மாலினி பார்த்தாள்.

பிறகுதான் அம்மாவைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

இந்த இடத்தில் சரோஜா அம்மா சத்தியம் பண்ணுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "தெரியலடி" என்றார். "தண்ணிய காய்ச்சுன்னாங்க, காய்ச்சினேன். இத யாராச்சும் காய்ச்சுவாங்களா? இது தண்ணின்னு எனக்குத் தோணவே இல்லடி மாலு."

மாலினி சுவரோடு சரிந்து என்னைப் போலவே தரையில் உட்கார்ந்தாள்.

"மாஷி, காவக்காரன் படுத்துட்டான்னா வாசல்ல இப்ப யாரு?"

"நாங்கதான். ரூபா, நான், தீதி. உங்கம்மாவும்தான். இன்னைக்கு ரூபா முழிச்சிட்டிருந்தா, நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் கண் அசந்துட்டோம்."

"நல்ல காவல்" என்றாள். கேலிதான். ஆனால் பேசினாளே. பிறகு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மாவிடமிருந்து அன்றைக்கு எதுவும் வாங்கவில்லை.

மீதித் தீர்த்தத்தைக் கீழே ஊற்ற மனசு வரவில்லை. நானும் சரோஜா அம்மாவும் தாழ்வாரத்துக் கோடியில், மாலினி கண்ணில் படாத இடத்தில் நின்று வாங்கிக்கொண்டோம். பார்த்தால் இன்னொரு கை நீண்டது. ரூபா. "எனக்கும் கொஞ்சம், மாஷி. நான் காளித் தாயோட பிரசாதத்தத் தட்டிவிட்டிருக்கேன்" என்றாள். சரோஜா அம்மா அவள் கையில் விட்டு, மீதியை அவள் தலையில் தெளித்தார். "நீ தட்டிவிட்டது அம்பாளே தட்டிவிட்ட மாதிரிம்மா" என்றார். தன் வேண்டுதல் தரையில் சிந்திக் கிடக்கும்போது அப்படிச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும்!

மறுநாள் தீதி வந்து எல்லாம் கேட்டார். இரத்தம் எடுக்கச் சொன்னார். கையில் பட்ட ஈரம், துடைத்த துணி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். காய்ச்சல் வருகிறதா என்று அடிக்கடி பார்க்கச் சொன்னார். வரவில்லை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எங்க வீட்லயும் என் மாமியார் தினமும் சரணாமிர்தம், அதான் தீர்த்தம், குடுப்பாங்க. நான் டாக்டர், எனக்கே கேக்கத் தோணல பாருங்க" என்றார். அதிலிருந்து அந்த மருந்து ஏற்றுகிற வீட்டாரிடம் வெளிச் சாப்பாடு கூடாது என்று மொத்தமாகச் சொல்வதை விட்டுவிட்டோம். பிரசாதம், தீர்த்தம், தர்காவில் ஓதின தண்ணீர், சாமிக்கு வைத்துக் கொண்டுவருகிற பூ என்று பெயர் சொல்லிச் சொல்கிறோம். கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூட முதலில் டாக்டரைக் கேளுங்கள் என்கிறோம். சாமி கோபித்துக்கொள்ளாது, குழந்தைக்கு ஆகாததை எந்தத் தாயும் ஊட்ட மாட்டாள் என்று நான் சேர்த்துச் சொல்வேன். அது என் சொந்தச் சரக்கு.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மாலினியின் பயம் நோய். ஆனால் அன்றைக்கு ஆபத்து நிஜம். இரண்டும் ஒரே கிண்ணத்தில் வந்து நின்றன. பயத்தைப் போக்குகிறேன் என்று ஆபத்தையும் இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம் யாரையும் மறுபடி நம்பியிருக்க மாட்டாள். ஆபத்தை மட்டும் சொல்லி விட்டிருந்தால் அம்மாவை இழந்திருப்பாள். இதைப் பிரித்து அவள் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. நான் அதைச் சாமர்த்தியத்தால் செய்யவில்லை. அந்த நேரத்தில் சொல்வதற்கு வேறு எதுவும் என்னிடம் இல்லை. நோயாளிக்கு நிஜம் தாங்காது என்று நினைக்காதீர்கள். பொய்யைத் தாங்கித் தாங்கித்தான் பலபேர் நம்மிடம் வருகிறார்கள்.

அப்புறம் நெடுநாள் மாலினி அம்மாவோடு அளந்துதான் பேசினாள். கேள்வி கேட்பாள். "இன்னும் எத்தன நாள் காவக்காரன் படுத்திருப்பான்?" என்று தீதியிடம் கேட்பாள். தன் உடம்புச் சூட்டைத் தானே பார்த்துக்கொள்வாள். நான் ஒருநாள் தும்மினேன் என்று என்னை அறையை விட்டே துரத்தினாள். "மாஷி, வாசல்ல நிக்கறேன்னு சொல்லிட்டு நீங்களே திருடனக் கூட்டிட்டு வரீங்க!" இதெல்லாம் சந்தேகமா, ஜாக்கிரதையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

சரோஜா அம்மா வருவார், உட்காருவார், போவார். எதுவும் கொண்டுவர மாட்டார். கையை வீசிக்கொண்டு பெண்ணைப் பார்க்க வருவது ஒரு தாய்க்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மடியில் வைப்பார், எடுப்பார்.

மழைக்காலம் தொடங்கின ஒரு மாலை. மாலினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வீட்ல மிளகு இருக்கா?" என்றாள்.

"இருக்குடி" என்றார் அம்மா, மூச்சு விடாமல்.

"ரசம் வெச்சுக் கொண்டா. கொதிக்கக் கொதிக்க."

மறுநாள் சரோஜா அம்மா ஃப்ளாஸ்க்கோடு வந்தார். ரூபா முகர்ந்து பார்த்து, ஆவி பறக்கிறதா என்று பார்த்து, சரி என்றாள். நான் வெந்நீரில் போட்டு எடுத்த டம்ளரும் ஸ்பூனும் கொண்டுவந்து வைத்தேன். சரோஜா அம்மா ரசத்தை டம்ளரில் ஊற்றினார். ஊற்றிவிட்டு, கை தானாகவே ஸ்பூனை எடுத்து, ஒரு வாய் மொண்டு, தன் உதட்டருகே கொண்டுபோனது.

"அம்மா!"

சரோஜா அம்மா அப்படியே நின்றார்.

"வாயில வெக்காத. எச்சில் எனக்கு ஆகாது, தெரியாதா உனக்கு?"

"இல்லடி, நான் முதல்ல குடிச்சு..."

"நீ குடிச்சுக் காட்ட வேண்டாம். குடு இப்படி."

டம்ளரை அம்மா கையிலிருந்து வாங்கி, ஊதி, குடித்தாள். பாதி டம்ளர் காலியானதும் நிமிர்ந்து, "மிளகு பத்தல" என்றாள்.

சரோஜா அம்மா ரசம் நிறைந்த ஸ்பூனை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், பெண் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.